நாலு ரூட் கேனால், கையில் ஒரு எக்ஸ்ரேகூட இல்லை: லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கவனிக்க

குமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பல் கிளினிக். பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற இடங்கள் வேறும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தபோது, அந்தக் கிளினிக்கின் இலவசப் பல் முகாமில் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு பல்லுல சொத்தை, நாலுக்கு ரூட் கேனால் கட்டாயம், லீவு முடியிறதுக்குள்ள முடிச்சிரலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு வலி கிடையாது. இடது கீழ்ப் பல் ஒன்றில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம்.

இரண்டே நாளில் நாலு கடைவாய்ப்பல்லுக்கும் ரூட் கேனால், அதாவது நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து நிரப்புவது. அடுத்த வாரம் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் நாலு. பில்லில் இருந்தது இவ்வளவுதான்: ஆர்.சி.டி. (ரூட் கேனால்) 4, சிர்கோனியா (உலோகமில்லாத, பீங்கான் போன்ற வெள்ளைப் பொருள்) கேப் 4, மொத்தம் 46,000 ரூபாய். எந்தப் பல் என்று எண்கூட இல்லை. வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் இடது தாடை வீங்கி, அங்கே எடுத்த, எல்லாப் பல்லும் ஒன்றாகத் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது.

மேல் வலது முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர். அதற்குள் நரம்பு போகும் குழாய், அதாவது கேனால், பெரும்பாலும் நாலு இருக்கும். நிரப்பியிருந்தது இரண்டு. இடது கீழ்ப் பல்லில் கட்டபெர்ச்சா என்கிற ரப்பர் குச்சி வேரின் பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே சுத்தம் செய்யாத இடத்தில் கிருமி தங்கி, வேர் நுனியில் சீழ் கட்டிவிட்டது. இன்னொரு பல்லுக்குள், கேனாலைச் சுரண்டும் மெல்லிய ஊசியான ஃபைல் உடைந்த துண்டு. ஃபைல் உடைவதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது, வளைந்த வேரில் நல்ல கைக்கும் அது நடக்கும். உடைந்ததை நோயாளியிடம் சொல்லாமல் கேப் போட்டு மூடியதுதான் ஏமாற்று.

இதைவிடப் பெரிய கேள்வி, இந்த நாலு பல்லும் உண்மையிலேயே சொத்தையா என்பது. அதற்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது. துளை போட்டு, நரம்பை எடுத்து, சுற்றிலும் தேய்த்துக் கேப் மாட்டிய பிறகு, முன்பு அந்தப் பல் எப்படி இருந்தது என்பதற்குத் தடயமே கிடையாது. துளை போடுவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே ஒன்றுதான் சாட்சி. அது இல்லாத இடத்தில் அவர்கள் சொன்னதுதான் கணக்கு.

சொத்தை என்று காட்டப்படுவதெல்லாம் சொத்தை அல்ல. கடைவாய்ப்பல் பள்ளத்தில் தேயிலைக்கறை போலத் தெரியும் பழுப்புக் கோடு பல வருடம் அப்படியே இருக்கலாம். வாய்க்குள் விடும் கேமரா அதையே டிவி அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும்போது குகை மாதிரி தெரியும். பயந்து தலையாட்டி விடுகிறோம். சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைப் புள்ளி சொத்தையின் தொடக்கம்தான், ஆனால் மேற்பரப்பு உடையாதவரை அது திரும்பக் கெட்டிப்படும். பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட், இடைத்தீனியில் இனிப்பைக் குறைப்பது, இவை போதும். கூர்மையான கம்பியால் அதைக் குத்திக் குத்திப் பார்ப்பவர், இல்லாத ஓட்டையை உண்டாக்குகிறார். ஈறோரத்தில் ஆப்பு வடிவப் பள்ளம் பெரும்பாலும் கடினமான பிரஷ்ஷால் குறுக்காகத் தேய்த்த தேய்மானம். தேவைப்பட்டால் அடைத்தால் போதும். நரம்புவரை போகாத தேய்மானத்துக்கு ரூட் கேனால் எதற்கு?

எக்ஸ்ரே காட்டினாலும் கொஞ்சம் விவரம் வேண்டும். பல்லின் கழுத்துப் பகுதியில் இயல்பாகவே ஒரு கருநிழல் விழும். அதைச் சொத்தை என்று காட்டுவது பழைய வித்தை. இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள சொத்தைக்கு, கடித்தபடி எடுக்கும் பைட்விங் எக்ஸ்ரேதான் சரி. படத்தில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கிறதா பாருங்கள். டிஜிட்டல் படம்தானே, அங்கேயே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

சொத்தை நரம்பை எட்டிவிட்டதா என்று பார்க்க எக்ஸ்ரே மட்டும் போதாது. குளிர்ச்சி தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் கூசி, எடுத்ததும் சில விநாடிகளில் அடங்கினால் நரம்பு பிழைக்கும், அடைத்தால் போதும். எடுத்த பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் குடைந்தால், ராத்திரி தானாக வலி எழுப்பினால், ரூட் கேனால் தேவைப்படலாம். ஒன்றுமே உணரவில்லை என்றால் நரம்பு செத்திருக்கலாம். பக்கத்து நல்ல பல்லிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட வேண்டும், தட்டியும் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை. முகாமில் டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு நாலு ரூட் கேனால் எழுதுகிறவர் இதில் எதையுமே செய்யவில்லை.

சிகிச்சை நடக்கும்போது மூன்று எக்ஸ்ரே எதிர்பார்க்கலாம்: முன்னால் ஒன்று, ஃபைலை உள்ளே வைத்து வேரின் நீளம் பார்க்க ஒன்று, நிரப்பி முடித்ததும் ஒன்று. வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் அபெக்ஸ் லொகேட்டர் கருவி இருந்தால் நடுவில் உள்ளதை விட்டுவிடலாம். முதலும் கடைசியும் விடக்கூடாது. கடைசிப் படத்தில் வெள்ளைக் கோடு ஒவ்வொரு வேரிலும் நுனிக்கு 0.5 முதல் 2 மி.மீ. உள்ளே முடிய வேண்டும். பல்லைச் சுற்றி ரப்பர் டாம் ஷீட் மாட்டியிருந்தால் எச்சில் உள்ளே போகாது, கேனாலைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் தொண்டைக்கு இறங்காது. ஒரே நாளில் முடிப்பது தவறில்லை. ஆனால் ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். இருபது நிமிடத்தில் எழுப்பி விட்டால் கழுவியது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கும் மீன்பிடி) போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பாதி ரூட் கேனாலில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரம்தான் தாங்கும். நடுக்கடலில் அது பெயர்ந்தால் எச்சில் உள்ளே இறங்கி, செய்த வேலை முழுக்க வீண். கரையில் முழு நாள் கிடைக்கும்போது தொடங்குங்கள், அல்லது உள்ளே மருந்து வைத்து மேலே உறுதியான அடைப்பு போடச் சொல்லுங்கள்.

கேப் விஷயத்தில் ஏமாற்று சுலபம். ஒட்டுவதற்கு முன் கையில் வாங்கி உள்பக்கம் பாருங்கள். உலோகம் தெரிந்தால் அது சிர்கோனியா அல்ல. உத்தரவாத அட்டையில் உள்ள எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்யலாம். மாட்டிய பிறகு ஓரத்தில் நகம் தடுக்கினாலோ உணவு ஒவ்வொரு வேளையும் சிக்கினாலோ ஓரம் சேரவில்லை. அடியில் திரும்பச் சொத்தை வரும்.

பஸ் ஸ்டாண்ட் ஓரம் "ஒரு மணி நேரத்தில் நிரந்தரப் பல்" என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பி கட்டி, வாய்க்குள்ளேயே தானாக இறுகும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் குழைத்து ஒட்டுகிறார்கள். அடியில் பிரஷ் போகாது, ஈறு அழுகும், பக்கத்தில் உள்ள நல்ல பல்லும் ஆடும். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வாயில் வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், பல் முனையை ராவிவிட்டு அனுப்புகிறவரிடம் நிற்கவே வேண்டாம். அதற்குத் திசுப் பரிசோதனை வேண்டும்.

பில்லில் பல் எண் கேளுங்கள். முதல் இலக்கம் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. இரண்டாவது, நடுக்கோட்டிலிருந்து எண்ணும் வரிசை. 36 என்றால் கீழ் இடது முதல் கடைவாய்ப்பல்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். பழைய கட்டபெர்ச்சாவை எடுத்துத் திரும்பச் சுத்தம் செய்து நிரப்பலாம். அது முடியாவிட்டால் வேர் நுனியை வெட்டும் சிறு அறுவை இருக்கிறது. வேரே பிளந்திருந்தால் பெரும்பாலும் பல் போகும். வேறு கருத்துக் கேட்க ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தக்கலை அரசு மருத்துவமனை, குலசேகரத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரி, எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் காய்ச்சலும் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

புகாருக்கு முன் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, பில் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அதையும் எழுதி வையுங்கள். மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம், புகாரும் அங்கேயே. கிளினிக் பதிவு பற்றி மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: சம்பவம் நடந்த 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டே இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.