எதை முதலில் படிப்பது: 'சுல்தானாவின் கனவு' அல்லது 'ஹெர்லாண்ட்'?

பெண்களே ஆளும் நாட்டைக் கற்பனை செய்த இரு கதைகள். வாசிப்புக் குழுவுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திணறுபவர்களுக்காக இது.

நீளம்
கனவு: வங்காள எழுத்தாளர் ரொக்கையா சகாவத் ஹுசைன் எழுதிய சிறுகதை. 1905இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் இதழில் வெளியானது. ஒரே அமர்வில் முடிந்துவிடும்.
ஹெர்லாண்ட்: அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1915இல் தன் சொந்த இதழில் தொடராக எழுதிய 12 அத்தியாய நாவல். புத்தகமாக வந்ததோ 1979இல்தான்.

ஆண்கள்
கனவு: பர்தா தலைகீழாகிறது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து சமைக்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள்.
ஹெர்லாண்ட்: இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே ஆணே இல்லை. வெளியிலிருந்து மூவர் நுழைகிறார்கள்.

உழைப்பு
இதில் ரொக்கையாவை மிஞ்ச ஆளில்லை. ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடிக்கிறான், ஒன்றுக்கு அரை மணி நேரம், ஆக ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது என்று கணக்குப் போடுகிறார். பெண்கள் அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் முடிக்கிறார்கள். அடுப்புக்கு விறகில்லை, வெயில்தான்.
கில்மனிடம் பிள்ளை வளர்ப்பே நாட்டின் தலையாய தொழில். தேர்ச்சி பெற்றவர்களிடமே அது ஒப்படைக்கப்படுகிறது.

இடறும் இடம்
கனவு: அடைப்பு ஒழியவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். விவாதத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.
ஹெர்லாண்ட்: 'தகுதியற்றவர்' பிள்ளை பெறக் கூடாது என்ற இனமேம்பாட்டு வாதமும் ஆரிய இனப் பெருமையும் உண்டு. இதைச் சொல்லாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பள்ளி மாணவிகளுக்கும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கும் 'கனவு'. தாய்மை, திருமணத்துக்குள் வன்முறை பற்றி நிதானமாகப் பேச நான்கு வாரம் இருந்தால் 'ஹெர்லாண்ட்'. வெளியிலிருந்து வந்த மூவரில் ஒருவனான டெர்ரி நாடு கடத்தப்படும் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு வாரம் வையுங்கள்.