கம்பம் பக்கம் பன்னீர் திராட்சை வாங்கப் போறீங்களா? இந்தத் தோட்டத்தைப் பாத்துட்டு வாங்க

சுருளி அருவிக்குப் போற வழில சுருளிப்பட்டி பக்கம் ரோட்டோரமா திராட்சைத் தோட்டம் நெறைய இருக்கும், பந்தலுக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்துட்டு ரெண்டு கிலோ வாங்கிட்டு கிளம்பிருவாங்க. நான் சொல்ற தோட்டம் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, பேர் போர்டெல்லாம் கிடையாது, மோட்டார் ரூம் திண்ணைல தராசு வச்சு விக்கிறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, மருந்தே அடிக்கலைன்னு சொல்லி விக்கல. தோட்டக்காரர்கிட்ட "மருந்து அடிப்பீங்களாண்ணே"ன்னு கேட்டேன். "அடிப்போம் தம்பி, மழை நேரத்துல சும்மா விட்டா செவட்டைங்கிற பூஞ்சாண நோய் வந்து இலை பூரா கருகிரும், ஆனா போர்டோ கலவைதான், அதையும் குறைக்கத்தான் பாக்குறோம்"னாரு. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர், இதான் அந்தக் கலவை, இயற்கை விவசாயத்துலயும் ஒரு அளவுக்கு அனுமதி உண்டு. ஆனா அதுல இருக்குற தாமிரம் மண்ணை விட்டு எங்கயும் போகாது, வருஷா வருஷம் சேந்துக்கிட்டே இருக்கும், மண்புழுவுக்கும் ஆகாது. அதனால இவரு என்ன பண்றாருன்னா பந்தல் ரொம்ப அடைசலா ஆகவிடாம இலையக் கழிச்சு விடுறாரு, காத்தும் வெளிச்சமும் உள்ள வந்தா இலை சீக்கிரம் காஞ்சிரும், ஈரம் நிக்கலைன்னா பூஞ்சாணம் பிடிக்கிறது குறையும். ஆள்கூலி கூடத்தான் ஆகுது, ஆனா அந்த அளவுக்கு மருந்து மிச்சம்.

கவாத்து பண்ண, அதாவது கொடியை வெட்டி விட்ட குச்சியை கொளுத்துறது இல்ல, தூளாக்கி சாணத்தோட மக்க வச்சு திரும்ப கொடிக்கே போடுறாங்க, நோய் புடிச்ச இலையை மட்டும் அதுல சேக்காம தனியா ஒதுக்கிடுறாங்க. கவாத்து முடிஞ்ச கையோட பந்தல் வெளிச்சமா இருக்கும்ல, அந்த நேரம் பாத்து கீழ சணப்பைங்கிற பசுந்தாள் உரச் செடியை வெதச்சு பூ எடுக்குறப்போ மடக்கி உழுதுடுறாங்க, அதுல மண்ணுக்கு தழைச்சத்து கெடைக்குது. தண்ணி எல்லாம் சொட்டுநீர்தான், மேல மூடாக்கு, அதாவது மண்ணை மூடிப் போட்ட செத்தை கெடக்குறதால கையால கிளறிப் பாத்தா உள்ள மண்ணு குளுகுளுன்னு இருக்கு. பந்தலுக்கு கல்லுக்கால், அப்பா காலத்துல ஊனுனதாம், இன்னும் அசையாம நிக்குது.

பழம் எப்படின்னா, நல்ல கருநீலம், வாசனை தூக்குது, கொட்டை இருக்கும், தோலு தனியா கழண்டு வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுதே, அதே ரகம்தான். கொத்து கொஞ்சம் சின்னது, ஒரே சைஸா இருக்காது, அழகு பாக்குறவங்களுக்குப் பிடிக்காம போகலாம். இன்னொன்னு, பழத்து மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருந்தா மருந்துன்னு பயப்படாதீங்க, அது பழத்தோட இயற்கையான மெழுகு, லேசா தேச்சா போயிரும், இலைல நீலம் கலந்த வெள்ளைக் கறை இருந்தா அதான் மருந்து. எப்படின்னாலும் கழுவிட்டுத்தான் சாப்பிடணும்.

குறைன்னு சொன்னா, ரோட்டுக் கடையவிட விலை கூட. நியாயமான விலைன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா வாங்குற எல்லாருக்கும் கட்டுபடியாகாது. அப்புறம் மண்ணுக்கு இவ்ளோ பாக்குறவங்க பழத்தை பிளாஸ்டிக் கவர்லதான் போட்டுத் தர்றாங்க, இது எனக்கு வருத்தமா இருந்துச்சு, நேர்லயே சொன்னேன், பனை ஓலைப் பொட்டி விசாரிச்சுட்டு இருக்கேன்னாரு, மாத்துனா சந்தோஷம்.

போறவங்க காலைலயே போங்க, வெயிலுக்கு முன்ன வெட்டுன பழம் கெடைக்கும். கூடையோ துணிப்பையோ கையோட எடுத்துட்டுப் போங்க. பன்னீர் ரொம்ப நாள் தாங்காது, ஊருக்குக் கொண்டு போறதா இருந்தா கொத்தை அடுக்கி அமுக்காம வைங்க, ரெண்டு நாளைக்குள்ள சாப்பிட்டுருங்க. மழை மாசத்துல போனா இனிப்பு கம்மியாத்தான் இருக்கும், நல்லா வெயில் அடிக்கிற மாசமா பாத்துப் போங்க.