கடலோர வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

விலையில பத்துல ஒரு பங்கு போச்சு. வீடும் கைக்கு வரலை. "இதுக்கு மேல எங்க தரப்புல செய்ய ஒண்ணும் இல்லை"ன்னு இன்னைக்குக் காலையிலதான் கடைசி பதில் வந்துச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஆறிட்டா பாதி விஷயம் விட்டுப்போகும்.

வீடு விற்கிற இணையதளம் ஒண்ணு, பேர் வேண்டாம். அமைதியான கடலோரக் கிராமம், பழைய கான்கிரீட் வீடு, தோட்டம், "வற்றாத நல்ல தண்ணிக் கிணறு". பக்கத்துல பச்சை டிக் போட்டு "சரிபார்க்கப்பட்டது"ன்னு ஒரு முத்திரை. அந்த டிக் எதைச் சரிபார்த்துச்சுன்னு பணம் போன பிறகுதான் சொன்னாங்க. விளம்பரம் கொடுத்தவரோட செல்போன் நம்பரையாம். பத்திரத்தை யாரும் பார்க்கலை, வீட்டு வாசலைக்கூட யாரும் மிதிக்கலை.

வீட்டைக் காட்டின நாள் மழைக்காலம் ஓய்ஞ்ச மறுவாரம். செடியெல்லாம் பச்சை, சுவரெல்லாம் புது பெயிண்ட். தரகர் கிணத்துல வாளி விட்டு இழுத்து, டம்ளர்ல ஊத்திக் கொடுத்து, தானும் ஒரு டம்ளர் குடிச்சார். துளி உப்பில்லை. முடிவு ஆனது அந்த டம்ளர்லதான். "இன்னும் ரெண்டு பார்ட்டி வரிசையில நிக்குறாங்க, முன்பணம் போட்டா நிறுத்தி வெச்சிடறேன், பிடிக்கலைன்னா வாங்கிக்கலாம்"னார். பொழுது சாயுறதுக்குள்ள பத்துல ஒரு பங்கு கை மாறியாச்சு.

அந்தத் தண்ணி பொய்யில்லை, அதுதான் வயித்தெரிச்சல். கடலோர மண்ணுல மழைத்தண்ணி ஒரு படலம் மாதிரி உப்புத்தண்ணி மேல மிதக்கும். நல்ல தண்ணிக்கும் கடல் தண்ணிக்கும் அடர்த்தி வித்தியாசம் கொஞ்சம்தான். அதனால நிலத்தடி மட்டம் கடல் மட்டத்துக்கு மேல 1 மீட்டர் இருந்தா, கீழ சுமார் 40 மீட்டர் ஆழம் வரைக்கும் நல்ல தண்ணி நிக்கும்னு ஒரு கணக்கு உண்டு. கேக்க நல்லாத்தான் இருக்கும், திருப்பிப் பாருங்க. கோடையில மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினா, கீழேயிருந்து உப்பு 20 மீட்டர் ஏறப் பார்க்கும். மோட்டார் போட்டு ஒரே இடத்துல உறிஞ்சினா அந்த இடத்துக்கு நேர் கீழ கூம்பு மாதிரி எழும்பி வரும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு. கிணத்துத் தண்ணியில நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் கூடிடும். கரைஞ்ச உப்பு மொத்தம் 600-க்குள்ள இருந்தா குடிக்க நல்லா இருக்கும், 1,000 தாண்டினா ருசி கெட்டுக்கிட்டே போகும். இதை அளக்குற டிடிஎஸ் மீட்டர் பேனா சைஸ்தான், சட்டைப் பையில போட்டுக்கலாம். ஆனா அளக்க வேண்டியது மழை முடிஞ்ச வாரத்துல இல்லை. கோடைக் கடைசியில, மோட்டாரை ரெண்டு மணி நேரம் ஓடவிட்ட பிறகு.

பத்திர நகல் வரணும், கையெழுத்து வரணும்னு அவங்களே இழுத்தடிச்சதுல கோடை வந்துடுச்சு. மறுபடி போய் மீட்டரை முக்கினா 2,300. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். "வருஷத்துல நாலு மாசம்தான் தம்பி அது கிணறு, மிச்ச நாளுக்கு லாரித் தண்ணி"ன்னார். முதல் நாளே அந்த வேலிப் பக்கம் போயிருக்கணும்.

அடுத்தது கூரை. புது பெயிண்ட் வாசனையோட ஒரு கடலோர வீடு விலைக்கு வந்தா, பெயிண்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னுதான் முதல்ல கேக்கணும். சின்ன சுத்தியல் எடுத்து உத்தரத்தோட அடிப்பக்கம் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டுங்க. கெட்டியான இடம் 'டங்'னு சொல்லும், உள்ள பிளந்த இடம் காலிப் பானை மாதிரி 'தொப்'புனு கேக்கும். இங்க சமையலறை உத்தரத்துல முக்கால்வாசி நீளம் 'தொப்'தான். டார்ச்சைச் சுவரோட ஒட்டிச் சாய்ச்சு அடிச்சதும் கம்பி ஓடுற தடத்துலயே மயிரிழை விரிசல் நேர்கோடா தெரிஞ்சுது. மேல பட்டி பூசி மறைச்சிருக்காங்க.

காரணம் உப்புக் காத்து. கான்கிரீட்டோட காரத்தன்மையாலதான் உள்ள இருக்குற கம்பி துருப்பிடிக்காம இருக்கு. உப்புல இருக்குற குளோரைடு உள்ள இறங்கிட்டா அந்தக் காப்பு உடையும். துரு, இரும்பை விட ரெண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேக்கும். கான்கிரீட்டை உள்ளேயிருந்து வெடிக்க வைக்கிறது அதுதான். "ரெண்டு மூட்டை சிமென்ட் பூசினா சரியாயிடும்"னார் தரகர். சரியாகாது. ஒட்டுப்போட்ட இடத்துல கம்பி பிழைச்சுக்கும், ஒட்டைச் சுத்தியுள்ள பழைய கான்கிரீட்ல உப்பு அப்படியே இருக்கிறதால அரிப்பு ஓரத்துக்கு நகர்ந்துடும். சில வருஷத்துலயே ஒட்டைச் சுத்தி வளையமா வெடிக்கும். ஒழுங்கா செய்யணும்னா கம்பிக்குப் பின்னால 20 மில்லிமீட்டர் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைப் பளிச்சுனு சுரண்டி, இளைச்ச கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, அப்புறம்தான் பூசணும். எவ்வளவு தூரம் கொத்தணும்னு தெரிய, துளை போட்டு 25 மில்லிமீட்டருக்கு ஒரு மாதிரியா தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சிமென்ட் எடையில குளோரைடு 0.4 சதவீதம் தாண்டியிருந்தா கம்பி ஆபத்துல இருக்குன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. கட்டும்போதே கழுவாத கடல் மணலைப் போட்டிருந்தா ஆழம் போகப் போகவும் அளவு குறையாது. அந்த வீட்டை விட்டுட்டு வந்துடுங்க.

ஜன்னல் கம்பி, கீல், மாடிக் கைப்பிடி "ஸ்டெயின்லெஸ்"னு சொன்னாங்க. பழுப்புக் கறை இருந்துச்சு, அப்போ அது அநேகமா 304-ங்கிற சாதா ரகம். கடலோரத்துக்கு 316 ரகம் வேணும், அதுலதான் உப்பு அரிப்பைத் தாங்க வைக்கிற மாலிப்டினம் இருக்கு. இது சின்ன விஷயம், விடுங்க.

சின்ன விஷயம் இல்லாதது கழிவுத் தொட்டி. தொட்டியிலேருந்து வழியுற தண்ணி மண்ணுல இறங்குற உறிஞ்சு குழிக்கும் கிணத்துக்கும் 30 மீட்டர் இடைவெளி வேணும், குழியோட அடி நிலத்தடித் தண்ணிக்கு ஒண்ணரை மீட்டர் மேல இருக்கணும். இங்க எட்டு எட்டு வெச்சா கிணறு. அந்த டம்ளரை நினைச்சா இப்பவும் குமட்டுது.

தரகர்கிட்ட கேட்டா "ஓனர்கிட்ட கொடுத்தாச்சு". ஓனர்கிட்ட கேட்டா "எனக்குப் பாதிதான் வந்துச்சு, மீதியை அவர்கிட்டயே கேளுங்க". இணையதளத்துக்கு எழுதினா புகார் எண் வரும், 48 மணி நேரத்துல பதில்னு வரும். 48 மணி நேரம் கழிச்சு அதே கடிதம் புது எண்ணோட வரும். நாலு தடவை வந்துச்சு. அஞ்சாவது தடவை ஒரு அம்மா போன்ல வந்து, "நாங்க வாங்குறவங்களையும் விக்கிறவங்களையும் சேர்த்து வைக்கிற தளம் மட்டும்தான் சார்"னாங்க. அவங்ககிட்ட ரசீதை அனுப்பினதும்தான் கீழ பொடி எழுத்துல இருந்ததைப் படிச்சுக் காட்டினாங்க: வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் திருப்பித் தரப்படாது. பத்துல ஒரு பங்கு, ஒரு வரியில போச்சு.

வாங்குறவங்களுக்கு முழுசா ஒரு பட்டியல் போடணும்னுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குது, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

"தண்ணி, கட்டட ஆய்வு, பத்திரம் மூணுல எது சரியில்லைன்னாலும் முழுப் பணமும் திரும்பணும்"னு எழுத்துல இல்லாம ஒரு காசு கொடுக்காதீங்க. வாய்ப்பேச்சு செல்லாது. கொடுக்குற பணம் தரகர் கைக்குப் போகக்கூடாது, வக்கீல் பொறுப்புல தனிக் கணக்குல நிக்கணும்.

கூகுள் எர்த்ல பழைய வருஷப் படங்களை வரிசையாப் பார்த்து, வீட்டு மூலைக்கும் கரைக்கும் உள்ள தூரத்தை அளந்து வைங்க. பக்கத்துல கடலுக்குள்ள நீட்டின தடுப்புச் சுவரோ துறைமுகமோ வந்திருந்தா மணல் ஒரு பக்கம் சேரும், மறு பக்கம் கரை கரையும். எந்தப் பக்கம் நம்ம வீடுன்னு பாருங்க. கரையிலேருந்து எத்தனை மீட்டருக்குள்ள கட்டக்கூடாதுங்கிற சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயின்ல 1988-ல வந்த கடற்கரைச் சட்டத்துல கரையோர நிலம் அரசு நிலம்னு ஆகி, அங்க வீடு வெச்சிருந்த பலருக்கு மிஞ்சினது கால வரம்போட அனுபவ உரிமை மட்டும்தான்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பணத்துக்கு முன்னாடியே போன் போடுங்க. அவங்க தயங்கினா நீங்களும் தயங்குங்க.

மழை முடிஞ்சு பார்த்த வீட்டைக் கோடையில இன்னொரு தரம் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட தரகர் இல்லாதப்போ பேசுங்க.

அந்த விளம்பரம் இன்னும் அங்கதான் இருக்கு, பச்சை டிக்கோட. இப்பத்தான் பார்த்தேன், "விலை குறைக்கப்பட்டது"ன்னு போட்டிருக்காங்க.