பாலிக் புலாவில் ஒரு கிண்ணம் லக்சா

ஜூன் மாதத்தில் நானும் அம்மாவும் நான்கு நாள் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருந்தோம். அம்மாவுக்கு 68 வயது. நாகர்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்தவர். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே, வாசத்தை வைத்து மீன் இன்றையதா நேற்றையதா என்று சொல்லிவிடுவார். மீன் உண்டு, ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் கிடையாது. இங்கே நான் எழுதுவதில் பாதிக்கு மேல் அவர் நாக்கு சொன்ன தீர்ப்பு.

முதல் நாள் ஏமாற்றம்தான். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நாங்கள் தங்கிய ஓட்டலில், தீவின் உணவுகள் என்று பலகை வைத்து லக்சா பரிமாறினார்கள். அரிசி நூடுல்ஸ் மேல் புளிப்பான மீன்குழம்பு ஊற்றித் தரும் பண்டம் அது. புளிப்பு இல்லை, காரம் இல்லை, மீனைத் தேட வேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாரோ முடிவுசெய்து எல்லாவற்றையும் குறைத்திருந்தார்கள். ஒரு கிண்ணம் 32 ரிங்கிட். அம்மா இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "இதற்காகவா கடல் தாண்டி வந்தோம்?" என்றார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ஒரு ஊரின் சாப்பாட்டை அந்த ஊரிலேயே இப்படிச் சப்பென்று ஆக்கிக் கொடுத்தால், முதல்முறை சாப்பிடுகிறவர் லக்சா என்றாலே இதுதான் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்.

மறுநாள் காலை பாலிக் புலாவுக்குக் கிளம்பினோம். மலாய் மொழியில் தீவின் பின்பக்கம் என்று பொருள். பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் தீவின் வடகிழக்கு முனையில் இருக்கிறது. நடுவில் மலை. அதைத் தாண்டினால் மேற்கே இந்தச் சிற்றூர். அங்குள்ள ஜெட்டி பஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போனோம், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மலைச் சாலை வளைந்து வளைந்து போகிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம்.

சந்தைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கடை. பலகையில் சீன எழுத்து மட்டும் இருந்தது, அதனால் பெயர் சொல்ல முடியவில்லை. ஆறு மேஜை, சுவரில் இரண்டு மின்விசிறி, நடுத்தர வயதுக் கணவன் மனைவி. விற்பது இரண்டே பண்டம். புளிக்குழம்பு ஊற்றிய அசாம் லக்சா (மலாயில் அசாம் என்றால் புளி) ஒன்று, தேங்காய்ப்பால் சேர்த்த சியாம் லக்சா இன்னொன்று. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தும் தருகிறார்கள்.

அம்மா மேஜைக்குப் போகவில்லை. பானை அருகிலேயே நின்றுவிட்டார். கடைக்கார அம்மாள் தடித்த வெள்ளை அரிசி நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் குழம்பை ஊற்றி, கரண்டியால் நூடுல்ஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு குழம்பைப் பானைக்கே திருப்பிக் கொட்டினார். மறுபடி ஊற்றினார், மறுபடி கொட்டினார். மூன்றாவது முறைதான் நிரப்பினார். ஆறிக் கிடந்த நூடுல்ஸ் உள்ளுக்குள்ளும் சூடேறவேண்டும் என்பதற்காக. பிறகு மேலே நீளவாக்கில் சீவிய வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், சிவப்பு மிளகாய், புதினா. கடைசியாக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பூவைப் பொடியாக அரிந்து தூவினார். புங்கா காந்தான் என்பார்கள். இஞ்சி வகைச் செடியின் மொட்டு. எலுமிச்சைத் தோலும் இஞ்சியும் சேர்ந்தாற்போல மணக்கிறது. இந்தப் பூ இல்லாத லக்சாவுக்கு முகமே இல்லை. ஓட்டல்காரர்கள் விட்டது இதைத்தான்.

கிண்ணத்தோடு ஒரு கரண்டியில் கறுப்பாக ஏதோ வந்தது. கருப்பட்டிப் பாகு போல இழுபட்டது. இறால் விழுது. சீனர்கள் ஹே கோ என்கிறார்கள். தனியாக நக்கிப் பார்த்தால் உப்பும் இனிப்பும் கருவாட்டு வாடையும் முகத்தில் அறைகிறது. குழம்பில் கரைத்தால் புளிப்பின் கூர்மை அடங்கி, அடியில் ஒரு கனம் உட்காருகிறது. அரைக்கரண்டியில் தொடங்கி, சுவை பார்த்துப் பார்த்துச் சேருங்கள்.

அம்மா முதல் வாய் எடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். "அயிலை. இன்றைக்குப் பிடித்தது," என்றார். இரண்டாவது வாய். "புளி மட்டும் இல்லை, குடம்புளி மாதிரி ஒன்று கிடக்கிறது." அடியில் துழாவினால் பழுப்பாக ஒரு துண்டு அகப்பட்டது. அசாம் கெப்பிங் என்று கடைக்காரர் சொன்னார். குடம்புளியின் சொந்தக்காரக் காய்தான், சீவி வெயிலில் காயவைத்தது. மீனை வேகவைத்து, முள் நீக்கி, உதிர்த்துக் குழம்பிலேயே கரைத்துவிடுகிறார்கள். ஆகவே துண்டு மீன் கிடைக்காது, குழம்பு முழுக்க மீன். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட மிதக்கவில்லை. தாளிக்காமல் ஒரு மீன்குழம்பு இவ்வளவு ருசிக்கும் என்று அம்மா நம்பியிருக்கவே மாட்டார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்.

சியாம் லக்சாவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அசாம் லக்சாவுக்குப் பிறகு சாப்பிட்டால் அதன் தேங்காய்ப்பால் திகட்டுகிறது. இரண்டும் வேண்டுமென்றால் சியாமை முதலில் சாப்பிடுங்கள். எங்களுக்கு ஒரு கிண்ணம் 7 ரிங்கிட். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லை. பானை காலியானதும் கதவைச் சாத்திவிடுகிறார்கள், ஆகவே மதியத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. குடிக்க ஜாதிக்காய்ச் சாறு வாங்கினோம். நாம் பெரும்பாலும் கொட்டையையும் ஜாதிபத்திரியையும்தான் சமையலுக்கு எடுத்துக்கொள்கிறோம், இங்கே மேல்சதையைப் பிழிந்து குடிக்கிறார்கள். லக்சாவின் காரத்துக்கு அது பொருத்தம்.

ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பியதும் நாசி கண்டார் சாப்பிட்டோம். சோறும் குழம்புகளும்தான். இது நம் ஆட்கள் கொண்டுபோன சாப்பாடு. தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். கண்டார் என்பது அந்தத் தண்டைச் சுமப்பதைக் குறிக்கும் சொல். கேம்பெல் தெருவில் 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது. வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். பரிமாறுகிறவர் தமிழில் கேட்டார்: "எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றட்டுமா அம்மா?" அம்மா தயங்கினார். சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர் என்று வரிசை பிசகாமல் சாப்பிட்டுப் பழகியவர். ஆட்டுக்குழம்பு மட்டும் படாமல் மீன், கோழி, கணவாய்க் குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொன்னேன். சோறு மூழ்கும்படி ஊற்றினார். மலாயில் அதற்கு பஞ்சிர், வெள்ளம் என்று பெயர். தனித்தனியாக ஊற்றினால் அது வெறும் சோறும் குழம்பும்தான். கலந்தால் எந்தக் குழம்பும் தனித்து நிற்காமல் புதிதாக ஒரு ருசி வருகிறது. கூச்சப்படாமல் கலக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வேறொரு கடையில், விலை கேட்காமல் பெரிய இறால் இரண்டு வைக்கச் சொல்லிவிட்டேன். கல்லாவில் தட்டைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரே தட்டுக்கு 48 ரிங்கிட் ஆனது. இறால், கணவாய், மீன் தலை என்றால் தட்டில் விழும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஐஸும் சேர்த்த இனிப்பான செண்டோலுக்கு, ஜார்ஜ் டவுனில் பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்து. நின்றுகொண்டே சாப்பிட வேண்டும், நன்றாக இருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பெலாச்சான். அதுவும் இறால் விழுதுதான், கட்டியாக இருக்கும். கீரைப் பொரியலிலும் சம்பலிலும் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். பழக்கலவையான ரோஜாக்கிலும் இறால் விழுது உண்டு. லிட்டில் இந்தியாவின் சைவ வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும், சீன பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகளும்தான் நம்பகமானவை.

பாலிக் புலா சந்தையில் அம்மா அசாம் கெப்பிங் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அயிலைக் குழம்பில் இரண்டு துண்டு போட்டார். தாளிக்கலாமா வேண்டாமா என்று கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு தாளித்துவிட்டார்.