பழைய காருக்கு சிந்தெடிக் ஆயில் மாற்றுகிறவர்கள் கவனத்திற்கு: கேட்டது 10டபிள்யூ-40, ஊற்றியது 0டபிள்யூ-20

கோவையில் எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில், என்னுடைய 2002ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் காருக்கு 10டபிள்யூ-40 சிந்தெடிக் ஆயில் கேட்டு, அதற்கான பணத்தையும் கட்டினேன் (இந்த எண் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது). அவர்கள் 0டபிள்யூ-20 ஆயிலை பேரலிலிருந்து பிடித்து ஊற்றி அனுப்பிவிட்டார்கள். நான் கேட்காத இன்ஜின் ஃப்ளஷ் ஒன்றையும் (திரவம் ஊற்றி இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது) செய்து பில்லில் சேர்த்தார்கள். ஆயில் அழுத்தம் குறைந்து விளக்கு எரியத் தொடங்கியதும், இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, ஆஃப் இன்ஜின் வேலைக்கு (இன்ஜினைப் பாதியளவு பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றுவது) பெரிய தொகையில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். இருபது வருடம் தாண்டிய கார்களைப் பொறுப்பாகப் பராமரித்து ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

அதுவரை இந்தக் காருக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான் ஊற்றி வந்தேன். ஆயில் குறைவதோ, புகை வருவதோ கிடையாது. சிந்தெடிக் ஆயில் சூட்டில் எளிதில் கெடாது, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே வால்வுகளை இயக்கும் காம்ஷாஃப்ட் வரை வேகமாகப் போய்ச் சேரும் என்பதால் அதற்கு மாறலாம் என்று முடிவு செய்தேன். பழைய இன்ஜினுக்குப் பொருந்தும்படி சூட்டிலும் 40 கெட்டியில் நிற்கிற 10டபிள்யூ-40 வேண்டும் என்று சர்வீஸ் அட்வைசரிடம் தெளிவாகச் சொன்னேன். அவரும் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டார். வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்க்கிறேன் என்றபோது, பாதுகாப்பு விதிப்படி வாடிக்கையாளர்களை உள்ளே விடுவதில்லை என்று சொல்லி, கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பில்லில் "ஃபுல் சிந்தெடிக் ஆயில் 3.5 லிட்டர்" என்று மட்டும் இருந்தது, கிரேடு இல்லை. காலி டின்னைக் கேட்டதற்கு, குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள்.

அடுத்த வாரம் ஈரோடு போய்விட்டு மதிய வெயிலில் திரும்பி வரும்போது, அவினாசி சாலையில் ஒரு சிக்னலில் நின்றவுடன் டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் அணைந்தது. விட்டால் மறுபடியும் எரிந்தது. ஓரங்கட்டி நிறுத்தி, சிறிது நேரம் கழித்து டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. ஆனால் துணியில் துடைத்தபோது, புதிதாக ஊற்றிய ஆயில் சமையல் எண்ணெய் போல இளகி ஓடியது. வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் டோ செய்து அதே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

அங்கே யாரும் ஆயிலைப் பற்றிப் பேசவே இல்லை. "வண்டி வயசாயிடுச்சுங்க சார், பேரிங் எல்லாம் தேஞ்சிருக்கும், ஆஃப் இன்ஜின் பார்த்துடலாமுங்க" என்றுதான் தொடங்கினார்கள். பிரஷர் கேஜ் வைத்து அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன், அளக்கவில்லை. ஜாப் கார்டின் அலுவலகப் பிரதியைக் காட்டச் சொல்லி விடாமல் கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுத்தார்கள். நான் சொன்ன 10டபிள்யூ-40 அதில் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் 0டபிள்யூ-20 என்று வேறு பேனாவில் எழுதப்பட்டிருந்தது. பின்பக்கம் நின்ற பேரலின் லேபிளிலும் அதே எண் இருந்தது. இரண்டையும் படம் எடுத்துக்கொண்டேன். மாற்றியது ஏன் என்று கேட்டபோது அட்வைசர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதே பதில் உங்களுக்கும் வரும்: "இது லேட்டஸ்ட் எஸ்.பி. தரமுங்க சார், எல்லாத்துக்கும் மேல இருக்கிறது. புது வண்டிக்கெல்லாம் இதுதான் ஊத்தறோம்."

எஸ்.பி. என்பது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. கொடுக்கும் தரக் குறியீடு. 2020இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எஸ்.என். 2010இலும், எஸ்.எல். 2001இலும் வந்தன. புதிய எழுத்து பழைய எழுத்தின் இடத்தை நிரப்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்த எழுத்துகள் தேய்மானத்தைத் தடுப்பது, கசடு சேராமல் காப்பது போன்ற குணங்களைப் பற்றியவை. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. அதைச் சொல்வது 10டபிள்யூ-40 போன்ற எஸ்.ஏ.இ. எண் (எஸ்.ஏ.இ. என்பது வாகனப் பொறியாளர்களின் அமைப்பு). எஸ்.பி. தரத்தில் 0டபிள்யூ-20 ஆயிலும் கிடைக்கிறது, 10டபிள்யூ-40 ஆயிலும் கிடைக்கிறது. எழுத்தைக் காட்டி எண்ணை மாற்றுவதுதான் என்னிடம் நடந்தது.

அந்த எண்ணில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும் 100 டிகிரி செல்சியஸில், 20 என்ற கிரேடின் பாகுத்தன்மை, அதாவது கெட்டி, 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். 40 என்ற கிரேடுக்கு அது 12.5 முதல் 16.3 வரை. அதாவது நான் கேட்டதில் ஏறத்தாழப் பாதிக் கெட்டிதான் என் இன்ஜினில் ஊற்றப்பட்டது. பேரிங்குக்குள் நடப்பதை ஒட்டி 150 டிகிரியில், வேகமான நசுக்கலில் அளக்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதன் அலகு வேறு, சென்டிபாய்ஸ். அதில் 0டபிள்யூ-20க்குக் குறைந்தபட்சம் 2.6 போதும், 10டபிள்யூ-40க்கு 3.5 வேண்டும். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்காலத்துக்கானது. 10டபிள்யூ ஆயிலைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 25 டிகிரியிலும், 0டபிள்யூ ஆயிலைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே 35 டிகிரியிலும் வைத்து ஸ்டார்ட்டிங் சோதனை செய்கிறார்கள். மார்கழிக் குளிரில் ஊட்டிக்கே போனாலும் அந்த 0டபிள்யூ நமக்குத் தேவைப்படப் போவதில்லை.

புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20 பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் அந்த இன்ஜின்களே அதற்காக வடிவமைக்கப்பட்டவை என்பதுதான். பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப் எல்லாவற்றையும் இளகின ஆயிலைக் கணக்கில் வைத்தே செய்திருக்கிறார்கள்; எரிபொருள் சிக்கன விதிகளை நிறைவேற்ற அது உதவுகிறது. எஸ்டீமின் 1298 சி.சி. இன்ஜின் அந்தக் காலத்துக்கு முந்தையது. அதன் கையேட்டில் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப எந்த ஆயில் என்று பட்டை பட்டையாக ஒரு படம் போட்டிருக்கிறார்கள். 0டபிள்யூ-20 என்ற பட்டையே அதில் கிடையாது. ஓடித் தேய்ந்து இடைவெளி கூடிய பேரிங்கில் இளகின ஆயில் தங்காமல் ஓரங்களில் வழிந்துவிடும். வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும், பம்ப் மெதுவாகச் சுழலும் ஐடிலில் அழுத்தம் விழுவதற்கு அதுவே போதும்.

ஃப்ளஷ் விஷயம் இதைவிட மோசமானது. பல வருடம் மினரல் ஆயிலில் ஓடிய இன்ஜினுக்குள் ஓரங்களில் கசடு படிந்திருக்கும். அது இருந்த இடத்தில் இருக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. கடுமையான ஃப்ளஷ் திரவத்தை ஊற்றிச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டால், அந்தக் கசடு கரைவதற்குப் பதிலாகப் பொருக்கு பொருக்காக உடைந்து, இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். சிந்தெடிக் ஆயிலும் சுத்தம் செய்யும், ஆனால் மெதுவாகச் செய்யும். பழைய இன்ஜினை முதன்முறை மாற்றும்போது, ஃப்ளஷ் எதுவும் இல்லாமல், வழக்கமான கிலோமீட்டரில் பாதியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு தடவை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டியை மீட்டு, பழைய மாருதிகளிலேயே கை ஊறிய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜை மாட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அளந்தார். முள் ஐடிலில் ஏறக்குறைய கீழேயே கிடந்தது. பிறகு ஆயிலை வடித்து, சைலன்சர் குழாயை இறக்கி, சம்பைக் கழற்றினார். ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதிக்கு மேல் கருப்புப் பொருக்குகள் அப்பியிருந்தன. விரலால் தேய்த்தால் நொறுங்கி, காபித்தூள் போலக் கையில் ஒட்டின. சம்ப் திறந்திருக்கும்போதே ஒரு கனெக்டிங் ராடின் மூடியையும் கழற்றிப் பேரிங்கைக் காட்டினார். சாம்பல் நிற மேற்பரப்பில் மெல்லிய புதுக் கோடுகள் விழுந்திருந்தன, ஆனால் அடியிலிருக்கும் செம்பு நிறம் எங்கும் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா கிராங்க் போயிருக்குமுங்க" என்றார். வலையைக் கழுவி, புது ஃபில்டர் போட்டு, என் கண்ணெதிரில் சீல் உடைத்து 10டபிள்யூ-40 ஊற்றினார். சூட்டில் மறுபடியும் அளந்தபோது முள் ஐடிலிலேயே தெளிவாக மேலே நின்றது. சர்வீஸ் சென்டர் சொன்ன ஆஃப் இன்ஜின் வேலை இந்தக் காருக்குத் தேவையே இல்லை.

இதைப் படித்துவிட்டுப் பழைய காருக்கு சிந்தெடிக்கே ஆகாது என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். சீல் ஒழுகும் என்ற பயம் ஆரம்ப கால சிந்தெடிக் ஆயில்கள் ரப்பரைச் சுருங்க வைத்ததால் வந்தது; இப்போதைய ஆயில்களில் அதைச் சரிக்கட்டும் சேர்மானங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே இறுகிப்போன வால்வு சீலை அடைத்திருந்த கசடு கரைந்தால், உள்ளே இருந்த ஒழுகல் வெளியே தெரியவரும், அவ்வளவுதான். "ஃபுல் சிந்தெடிக்" என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம். 1999இல் அமெரிக்காவில் மோபில், காஸ்ட்ரால் நிறுவனங்களுக்கிடையே எழுந்த விளம்பரத் தகராறில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு சொன்ன முடிவுக்குப் பிறகு, கச்சா எண்ணெயிலிருந்தே ஹைட்ரஜன் முறையில் உயர்தரமாகச் சுத்திகரித்த மூன்றாம் பிரிவு ஆயில்களும் அந்தப் பெயரிலேயே விற்கப்படுகின்றன. அவை நல்ல ஆயில்கள்தான். அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின், பிரீமியர் பத்மினி போன்ற புஷ்ராட் வண்டிகள் (காம்ஷாஃப்ட் கீழே இருந்து தண்டுகளால் வால்வைத் தள்ளுபவை) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இளகின கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. டாப்பெட்டும் காமும் உரசி ஓடும் அந்த இன்ஜின்களைக் காப்பதே அந்தப் பாஸ்பரஸைத் தரும் துத்தநாகச் சேர்மானம்தான். ஆகவே அவற்றுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்தான் சரி.

ஆயில் மாற்றக் கொடுக்கும்போது, ஜாப் கார்டில் கிரேடை எழுத வைத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரல் ஆயில் வேண்டாம், சீல் செய்த டின்தான் வேண்டும் என்று எழுத்திலேயே சொல்லுங்கள். தயாரிப்பு மாதம், எம்.ஆர்.பி., பேட்ச் எண் மூன்றையும் பார்த்து, ஊற்றும் இடத்தில் நில்லுங்கள். நிற்க விடாத இடத்தில் ஆயில் மாற்றவே வேண்டாம். காலி டின்னை வாயைக் கிழித்துக் கையோடு வாங்கி வாருங்கள், ஏனென்றால் போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு நல்ல காலி டின்கள் தேவைப்படுகின்றன. பில்லில் பிராண்டும் கிரேடும் இல்லையென்றால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.

சர்வீஸ் சென்டர் என்னிடம் ஃப்ளஷுக்கு வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னது; நான் ஏற்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அடுத்து கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. சோதனை தேவைப்படும் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்காகவே, என் இன்ஜினிலிருந்து வடித்த ஆயிலில் அரை லிட்டரை மெக்கானிக்கின் கையெழுத்தோடு சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறேன். 100 டிகிரியில் அளந்தால் அது 20ஆ, 40ஆ என்று தெரிந்துவிடும்.