பீக் புஷ் மாற்றி எட்டு மாதம் ஆனபின்

எங்கள் பேக்கிங் மெஷினில் ஒரு 20 மி.மீ. ஷாஃப்ட் நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓடும். எண்ணெய் போட முடியாத இடம்; ஒரு சொட்டு விழுந்தாலும் அட்டைப்பெட்டி பாழ். அதனால் ஷாஃப்ட்டைத் தாங்கும் குழல், அதாவது புஷ், முதலிலிருந்தே பிளாஸ்டிக்தான். முன்பு போட்டிருந்தது 30 சதவீதம் கிளாஸ் ஃபைபர் (கண்ணாடி இழை) கலந்த நைலான் 66. இப்போது எட்டு மாதமாக ஓடுவது பீக் (PEEK) என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்த புஷ். அதில் கார்பன் ஃபைபர், கிராஃபைட், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) மூன்றும் ஆளுக்குப் பத்து சதவீதம்.

பழைய புஷ் சீக்கிரம் தேய்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஷாஃப்ட்டைக் கழற்றியபோதுதான் வயிறு எரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் வரிவரியாகத் தட்டியது. சாதாரண மைல்டு ஸ்டீலை விடக் கண்ணாடி இழை கடினம். மேலே இருக்கும் நைலான் தேய்ந்ததும் இழை முனைகள் தலைகாட்டி, அரம் போல ஷாஃப்ட்டை ராவ ஆரம்பிக்கின்றன. சொரசொரப்பான ஷாஃப்ட் அப்புறம் புஷ்ஷைத் தின்கிறது. போதாததற்கு நைலான் ஈரத்தைக் குடித்து உப்பும்; துளை இறுகும்.

பீக் புஷ்ஷுக்காக ஷாஃப்ட்டைப் புதிதாகக் கிரைண்டிங் செய்து போட்டேன். முதல் இரண்டு நாள் கருந்தூள் கொட்டியது. பயந்துதான் போனேன். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. புஷ் ஓடும் நீளத்துக்கு மட்டும் ஷாஃப்ட்டில் மங்கலான கரும்படலம் ஒன்று ஒட்டியிருந்தது. விஷயமே அதில்தான் இருக்கிறது. கிராஃபைட்டும் பி.டி.எஃப்.இ.யும் புஷ்ஷிலிருந்து பெயர்ந்து இரும்பின் மேல் பூசிக்கொள்கின்றன. அதன்பிறகு புஷ் உரசுவது பெரும்பாலும் தன் பூச்சின் மேலேயே. கூட வேலை செய்யும் தம்பி அழுக்கு என்று நினைத்துத் தின்னர் போட்டுப் பளபளவென்று துடைத்துவிட்டான். மறுநாள் மீண்டும் தூள், மீண்டும் முதலிலிருந்து. தயவுசெய்து அந்தப் படலத்தைத் துடைக்காதீர்கள்.

இப்போது கழற்றிப் பார்த்தேன். நகத்துக்கு எதுவும் தட்டவில்லை. ஆட்டமும் கைக்குத் தெரியவில்லை.

குறையும் உண்டு. விற்றவர் கொடுத்த பாக்கெட்டில் ‘ஃபைபர் கலந்தது’ என்று மட்டும் இருந்தது. எந்த இழை, எவ்வளவு என்று மூன்று முறை கேட்டுத்தான் வாங்கினேன். அது தெரியாமல் எந்த ஷாஃப்ட்டுக்கு எது பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது? இன்னொன்று, புஷ்ஷை அதன் ஹவுசிங்கில் (புஷ் உட்காரும் கூடு) அழுத்தி ஏற்றியதும் துளை கொஞ்சம் சுருங்கியது. ஒரு புஷ்ஷை லேத்தில் போட்டுத் துளையைப் பெரிதாக்கினேன். அச்சில் வார்த்த மேல்தோல் போய், அறுபட்ட இழை முனைகள் வெளியே வந்துவிட்டன. அந்த ஒரு புஷ்ஷில் மட்டும் தூள் நிற்கப் பல நாள் ஆனது.

பீக் 343 டிகிரியில்தான் உருகும் என்று நம்பி வேகத்தை ஏற்றிவிடாதீர்கள். 143 டிகிரியைத் தாண்டினாலே அதன் விறைப்பு விழ ஆரம்பிக்கும். உரசும் இடத்துச் சூடு வெளியே தொட்டுப் பார்த்தால் தெரியாது. அலுமினிய ஹவுசிங்கில் ஈரமும் இருந்தால் கார்பன் படும் இடத்தில் அரிப்பு வரும். அங்கே நான் போடவில்லை.

கடின குரோம் பூசிய ஷாஃப்ட் ஒன்றில் பழைய கிளாஸ் நைலானையே விட்டுவைத்திருக்கிறேன்; கீறலே இல்லை, நன்றாக ஓடுகிறது. அடுத்த ஜோடி பீக் புஷ்ஷை, ஏற்றியபின் சுருங்கும் அளவையும் சேர்த்துத் துளை வைத்துத் தரும்படி சொல்லியிருக்கிறேன்.