பெர்லின் கம்பளித் தையலா, ஐரிஷ் குரோஷாவா?

விக்டோரியா காலத்து நாவல்களைப் படித்துவிட்டு, அக்காலக் கைவேலை ஒன்றைச் செய்துபார்க்க ஆசையா? இந்த இரண்டையும் பாருங்கள்.

பெர்லின் வேலை எளிது. கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய மாதிரிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணிக்கொண்டே கேன்வாஸில் கம்பளி நூலை இழுத்தால் ரோஜா வந்துவிடும். 1856-இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பிறகு நிறங்கள் கண்ணைப் பறித்தன. மெத்தை உறை, செருப்பின் மேல்பாகம் என எதையும் விடவில்லை. வசதியான வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்கு இது.

ஐரிஷ் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னிச் செய்யும் லேஸ், பசியிலிருந்து வளர்ந்தது. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து அயர்லாந்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அப்போது கார்க் பகுதியில் கன்னியாஸ்திரிகளும், குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்டும் ஏழைப் பெண்களுக்கு இந்த வேலையை ஏற்பாடு செய்தார்கள். பார்க்க விலையுயர்ந்த வெனிஸ் லேஸ் மாதிரியே இருக்கும். ஆனால் ஊசியால் தைத்துச் செய்யும் அந்த லேஸைவிடச் சீக்கிரம் முடியும். பூ, இலை எல்லாம் தனித்தனியாகப் பின்னி, அப்புறம் வலைப்பின்னலால் இணைப்பார்கள். அதனால் வேலையைப் பலர் பங்கிட முடிந்தது. அந்தக் கூலியில்தான் பல குடும்பங்கள் சாப்பிட்டன.

என் ஓட்டு ஐரிஷ் குரோஷாவுக்குத்தான். அந்தப் பெண்களின் உழைப்பு இன்னும் பேசப்பட வேண்டும். ஒரு கொக்கியும் பருத்தி நூலும் போதும். மெல்லிய நூல் கண்ணை வருத்தும், ஆகவே முதல் ரோஜாவைச் சற்றுத் தடித்த நூலில் பின்னுங்கள்.